60-40ன்னா என்ன அர்த்தம்? பெண்கள் டென்னிஸ் மேட்ச்ச கணிக்கப் பழகறவங்களுக்கு

2025 ஜூன் 7, சனிக்கிழமை பொழுதோட. பாலக்காட்டுக் கணவாய் பக்கம் இருக்கற கொழிஞ்சாம்பாறையில எங்க வீட்டு டிவில பிரெஞ்சு ஓபன் பெண்கள் ஃபைனல், நம்ம டைம் ஆறரைக்கு. வெளிய கணவாய்க் காத்து தென்னை மட்டைய போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிட்டு இருக்கு, கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. நான் எப்பவும் போல மேட்ச்சுக்கு முன்னாடியே நோட்டுல எழுதி வெச்சேன்: சபலென்கா 60, காஃப் 40. அவ எட்டிப் பாத்துட்டு "அப்ப சபலென்காதான் ஜெயிப்பாங்களா மாமா"ன்னு கேட்டா. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல போன மேட்ச்ல கோகோ காஃப் 6-7, 6-2, 6-4ன்னு ஜெயிச்சு கப்ப தூக்கிட்டாங்க. ஒடனே அடுத்த கேள்வி, "கணக்கு தப்பாப் போச்சுங்களே மாமா?"

தப்பாப் போகல அம்மிணி. இத அவளுக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாள் பேச்சத்தான் இங்க எழுதறேன், டென்னிஸ் இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சவங்களுக்கும் ஒதவும்.

60ன்னு நான் எழுதினது சபலென்கா ஜெயிப்பாங்கன்னு அடிச்சு சொல்றது இல்ல. இதே ரெண்டு பேரு, இதே தரை, இதே ஒடம்பு நெலமையில பத்து தடவ ஆடினா ஆறு தடவ அவங்க, நாலு தடவ காஃப், அவ்வளவுதான். பத்துல நாலுங்கறது சின்ன விஷயமா? பத்துக்கு நாலு மழை வரும்னு தெரிஞ்சா நம்ம குடை எடுத்துட்டுத்தானே கெளம்பறோம். கணிப்புன்னா பேரு சொல்றது இல்ல, எண்ணு சொல்றது. இத மட்டும் மனசுல ஏத்திக்கிட்டா மிச்சமெல்லாம் சுலபம்.

எங்க பக்கம் வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட் வழியா வந்திருந்தீங்கன்னா லாட்டரிக் கடைங்க வரிசையா இருக்கறத பாத்திருப்பீங்க. தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிய நிறுத்திட்டாங்க, கேரளாவுல 1967ல இருந்து அரசாங்கமே நடத்துது, அதனால பொள்ளாச்சி, கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் பார்டர் தாண்டி வந்து டிக்கெட் எடுக்கறவங்க உண்டு. அங்க சில பேரு பழைய ரிசல்ட் தாள அடுக்கி வெச்சுக்கிட்டு அடுத்த நம்பர் இதுதான்னு கணக்கு போடுவாங்க. அது நடக்காது, ஏன்னா நேத்து குலுக்குனதுக்கும் இன்னிக்கு குலுக்கறதுக்கும் சம்பந்தமே கெடையாது, குலுக்கற மெஷினுக்கு ஞாபகம் இல்ல. டென்னிஸ் அப்படி இல்ல. போன வாரம் சர்வீஸ் போட்ட அதே கைதான் இந்த வாரமும் போடுது, அதனால பழைய ஆட்டத்துல இருந்து கத்துக்கறதுக்கு நெறைய இருக்கு. ஆனா அதுக்குள்ளயும் ஒரு பங்கு குலுக்கல் ஒளிஞ்சிருக்கு, லைன்ல விழுந்த பந்து, நெட்டுல பட்டு அந்தப் பக்கம் சொட்டுன பந்துன்னு. எவ்வளவு கை, எவ்வளவு குலுக்கல்னு பிரிக்கற வேலைதான் கணிப்பு.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச எடத்துக்கு வரேன். டென்னிஸ்ல பாயிண்ட் சேந்து கேம், கேம் சேந்து செட், செட் சேந்து மேட்ச். இந்த அடுக்கு இருக்கு பாருங்க, இது சின்ன வித்தியாசத்த பெருசாக்கிடும். ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனி, சர்வீஸ் யாரோடதா இருந்தாலும் ஒருத்தருக்கு 51 சதவீதம் வாய்ப்புன்னு வெச்சு கணக்கு போட்டா அவங்க மேட்ச் ஜெயிக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம். பாயிண்ட்ல 52ன்னா மேட்ச்ல 70. பாயிண்ட்ல 55ன்னா மேட்ச்ல 90. நூறு பாயிண்ட்டுல பாதிக்கு மேல அஞ்சே பாயிண்ட் கூட எடுக்கற ஆளு பத்து மேட்ச்ல ஒம்போது ஜெயிச்சுடுவாங்க! இத நான் மொதல்ல போட்டுப் பாத்தப்ப நம்பல, திரும்பத் திரும்ப போட்டேன், அதேதான் வந்துச்சு. 2024ல டார்ட்மத் காலேஜ் பட்டமளிப்பு விழாவுல ஃபெடரர் இதையேதான் தன் வாழ்க்கைய வெச்சு சொன்னார், 1,526 சிங்கிள்ஸ் மேட்ச் ஆடி கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சவரு எடுத்த பாயிண்ட் வெறும் 54 சதவீதம்.

இதுல இருந்து ரெண்டு சங்கதி தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, டிவில 6-3, 6-2ன்னு ஸ்கோர் பாத்துட்டு அடேயப்பா என்ன வித்தியாசம்னு நெனைக்கக் கூடாது, உள்ள பாயிண்ட் கணக்குல சின்ன இடைவெளிதான் இருக்கும். இன்னொண்ணு, ஸ்கோர் பொய்யும் சொல்லும். 0-6, 7-5, 7-5ன்னு ஒருத்தர் ஜெயிச்சா அவங்க எடுத்த கேம் 14, தோத்தவங்க எடுத்தது 16. எச்சா எடுத்தவங்க தோத்திருக்காங்க! அதனால அடுத்த வாரம் அவங்க ரெண்டு பேருக்கும் எண்ணு போடறப்போ போன மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் பாக்காம எப்படி ஜெயிச்சாங்கன்னும் பாக்கணும்.

பெண்கள் ஆட்டத்துக்குன்னு ஒரு தனி கணக்கும் இருக்கு. ஆண்கள் கிராண்ட்ஸ்லாம்ல, அதாவது வருஷத்துல நடக்கற நாலு பெரிய டோர்னமென்ட்ல, அஞ்சு செட் வரைக்கும் ஆடறாங்க, பெண்கள் எங்க ஆடினாலும் மூணு செட் வரைக்கும்தான். மேல சொன்ன அந்த 52 சதவீத ஆளு மூணு செட்ல 70, அஞ்சு செட்ல 75 பக்கம் வருவாங்க. ஆட்டம் நீள நீள பலமான ஆளுக்கு லாபம், சுருங்கச் சுருங்க எதிராளிக்கு வழி. அதோட பெண்கள் ஆட்டத்துல சர்வீஸ் பிரேக் ஆகறது, அதாவது சர்வீஸ் போடறவங்களே அந்த கேம தோக்கறது, ஆண்கள விட ரொம்ப அதிகம். பத்து சர்வீஸ் கேம் ஆடினா சராசரியா மூணு நாலு கை நழுவிடும், ரிட்டர்ன் அவ்வளவு பலமா ஆடறாங்க. அதனால 4-1ன்னு முன்னாடி இருந்தாலும் மேட்ச் முடிஞ்சுதுன்னு டிவிய ஆஃப் பண்ணக் கூடாது. எனக்கு பெண்கள் டென்னிஸ் புடிக்கறதுக்கு இதுதான் மொத காரணம், ஆண்கள் ஆட்டத்துல சில நாள் சர்வீஸ் சர்வீஸ்னு போயிட்டே இருக்கும், இங்க ஒவ்வொரு கேமும் சண்டை.

சரி, எண்ணு எங்கிருந்து எடுக்கறது? எல்லாரும் மொதல்ல ரேங்கிங்க பாப்பாங்க. பாக்கலாம், ஆனா ரேங்கிங் எப்படி வருதுன்னு தெரிஞ்சு பாக்கணும். டபிள்யூடிஏங்கற பெண்கள் டென்னிஸ் சங்கத்தோட ரேங்கிங் போன 52 வாரத்துல சேத்த பாயிண்ட்டோட கூட்டல். கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சா 2000, ஃபைனல்ல தோத்தா 1300, அதுக்குக் கீழ டோர்னமென்ட் பேருலயே 1000, 500, 250ன்னு இருக்கும், ஜெயிக்கறவங்களுக்கு அத்தன பாயிண்ட். ஒரு வருஷம் முடிஞ்சா பழைய பாயிண்ட் கழண்டு போயிடும். ஆக ரேங்கிங்ங்கறது போன வருஷத்து சம்பாத்தியத்தோட பாஸ்புக், இன்னிக்கு கையில எவ்வளவு பலம் இருக்குன்னு காட்டற தராசு இல்ல. யாரத் தோக்கடிச்சாங்கன்னு அது கேக்கவும் கேக்காது, நம்பர் ஒன்ன ஜெயிச்சு செமி போனாலும் எதிராளி விலகிப் போனதால செமி போனாலும் பாயிண்ட் ஒண்ணுதான்.

இதுக்கு அதே 2025 பிரெஞ்சு ஓபன்லயே நல்ல உதாரணம் இருக்கு. லோயிஸ் புவாசோன்னு பிரான்ஸ் பொண்ணு, ரேங்க் 361, வைல்ட் கார்டுல, அதாவது ரேங்க் பத்தாதவங்களுக்கு டோர்னமென்ட்காரங்களே குடுக்கற எடத்துல, உள்ள வந்தாங்க. 2024ல முழங்கால் தசைநார் கிழிஞ்சு மாசக்கணக்கா ஆடவே முடியாம போயிடுச்சு. ஆடலன்னா பாயிண்ட் எங்க இருந்து வரும்? அந்த 361ங்கறது அவங்க ஆட்டத்தோட எண்ணு இல்ல, படுத்திருந்த நாளோட எண்ணு. அவங்க ரேங்க்ல ரொம்ப மேல இருந்த பெகுலாவ ஜெயிச்சு, ஆண்ட்ரீவாவ ஜெயிச்சு செமிஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மான்ட்ரியல்ல விக்டோரியா எம்போகோ, ரேங்க் 85, அவங்களும் வைல்ட் கார்டு, ஃபைனல்ல ஒசாகாவ ஜெயிச்சு கப்பே வாங்கிட்டாங்க, வருஷ ஆரம்பத்துல அந்தப் பொண்ணு முன்னூறுக்கு வெளிய இருந்தது. நம்ம சென்னையிலயே 2022 செப்டம்பர்ல நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல லிண்டா ஃப்ருவிர்தோவா 17 வயசுல மாக்தா லினெட்ட 4-6, 6-3, 6-4ன்னு ஜெயிச்சு சென்னை ஓபன் வாங்கினாங்க. வயசு கம்மியா வேகமா ஏறிட்டு வர்றவங்க, அடிபட்டுத் திரும்பி வர்றவங்க, இந்த ரெண்டு கூட்டத்துக்கும் ரேங்கிங்க நம்பக் கூடாது.

ரேங்கிங்க விட நல்ல தராசு ஈலோ. செஸ்ல குகேஷுக்கு இவ்வளவு ரேட்டிங், பிரக்ஞானந்தாவுக்கு இவ்வளவு ரேட்டிங்னு பேப்பர்ல வருதுல்ல, அதேதான். ஹங்கேரியில பொறந்து அமெரிக்காவுல இருந்த அர்பாத் ஈலோன்னு ஒரு பிசிக்ஸ் வாத்தியார் செஸ்ஸுக்காக உருவாக்கினது, 1970ல உலக செஸ் சங்கமான ஃபிடே எடுத்துக்கிச்சு, இப்ப டென்னிஸ் கணக்கு போடறவங்களும் இதத்தான் வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் உள்ள ரேட்டிங் இடைவெளி நேரா சதவீதமா மாறும். இடைவெளி இல்லன்னா 50, நூறுன்னா 64, எரநூறுன்னா 76, நானூறுன்னா 91. மேட்ச் முடிஞ்சதும் தோத்தவங்க கையில இருந்து ஜெயிச்சவங்க கைக்கு கொஞ்சம் பாயிண்ட் போகும், எவ்வளவுங்கறதுலதான் இதோட அழகே இருக்கு. ஒரு மேட்ச்சுக்கு அதிகபட்சம் 32 பாயிண்ட்டுன்னு வெச்சுக்குவோம். எரநூறு கூட இருக்கறவங்க ஜெயிச்சா அவங்களுக்குக் கெடைக்கறது 8 பாயிண்ட்டுதான், எல்லாரும் எதிர்பாத்ததுதானே நடந்துச்சு. தோத்துட்டா 24 பாயிண்ட் பறி போகும். யார ஜெயிச்சேங்கற கேள்விய இது கேக்குது, ரேங்கிங் அத கேக்கறதில்ல.

எங்கக்கா பொண்ணு இத ஒரு ரூல்டு தாள்ல நாலு பேருக்கு போட்டுப் பாத்தா. எல்லாருக்கும் 1500ல ஆரம்பிச்சு, அவ காலேஜ்ல ஷட்டில் ஆடற நாலு பொண்ணுங்க பேர எழுதி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்தப் பக்கம் கூட்டி அந்தப் பக்கம் கழிச்சு. பத்து இருபது ஆட்டம் போனதும் யார் பலம்னு அவ மனசுல இருந்த வரிசையும் தாள்ல வந்த வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணா நின்னுச்சு, அப்பத்தான் அவளுக்கு இது புடிச்சுப் போச்சு. நீங்களும் ஒரு தடவ கையால போட்டுப் பாருங்க, ஆப்ல பாக்கறதுக்கும் கையால போடறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அடுத்தது தரை. ரேக்ளா பாத்தவங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்ல, கெட்டித் தடத்துல பறக்கற சோடி ஈர மண்ணுல காலு வாங்கிடும். டென்னிஸ்ல களிமண் தரையில பந்து வேகம் கொறஞ்சு ஒசரமா எழும்பும், புல் தரையில வழுக்கிட்டு தாழ்வா வரும், ஹார்ட் கோர்ட் ரெண்டுக்கும் நடுவுல. இகா ஸ்வியாடெக் பாரிஸ் களிமண்ணுல 2020, 2022, 2023, 2024ன்னு நாலு தடவ ஜெயிச்சிருக்காங்க. அதே ஸ்வியாடெக் 2022ல தொடர்ச்சியா 37 மேட்ச் ஜெயிச்சு வந்து விம்பிள்டன் புல்லுல மூணாவது ரவுண்டுல அலிசே கோர்னெட்கிட்ட தோத்தாங்க. அதனால ஒரு ஆளுக்கு ஒரே ரேட்டிங் வெச்சா பத்தாது, தரைக்கு ஒண்ணு வெச்சு, மொத்த ரேட்டிங்கையும் தரை ரேட்டிங்கையும் பாதிப் பாதியா கலந்து பாருங்க, ஆரம்பத்துக்கு அது போதும். புல்லுக்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. வருஷத்துல சில வாரம்தான் புல்லு சீசன், ஒரு ஆளு ஆடற மேட்ச்சே கம்மி, அதனால கணக்குக்கு தீனி பத்தாது. 2017ல இருந்து 2025 வரைக்கும் விம்பிள்டன் எட்டு தடவ நடந்துச்சு (2020ல கொரோனாவால நடக்கல), எட்டு தடவையும் எட்டு வேற வேற பொண்ணுங்க ஜெயிச்சாங்க: முகுருசா, கெர்பர், ஹாலெப், பார்ட்டி, ரிபாகினா, வொண்ட்ரோசோவா, கிரெஜ்சிகோவா, ஸ்வியாடெக். புல்லுல நான் யாருக்கும் 80க்கு மேல போடறதில்ல.

நேருக்கு நேர் கணக்க டிவில பெருசா காட்டுவாங்க. ரெண்டு தடவ மோதி ரெண்டும் இவங்க ஜெயிச்சாங்கன்னா அத நான் கண்டுக்கவே மாட்டேன், காசு ரெண்டு தடவ சுண்டினா ரெண்டு தடவையும் தலை விழறது சகஜம். ஆனா ஒஸ்டபென்கோ ஸ்வியாடெக்க 2025 ஏப்ரல் வரைக்கும் ஆறு தடவ சந்திச்சு ஆறும் ஜெயிச்சிருக்காங்க, புல்லு, ஹார்ட், களிமண்ணு மூணுலயும். ரேங்க்ல ஸ்வியாடெக் எங்கயோ மேல. அப்ப அது குலுக்கல் இல்ல, ஆட்டத்துல காரணம் இருக்கு. ஸ்வியாடெக்குக்கு பந்த சுத்தி விட்டு அடிக்க நேரம் வேணும், ஒஸ்டபென்கோ ரிட்டர்ன்லயே உள்ள புகுந்து தட்டையா ஓங்கி அடிச்சு அந்த நேரத்தப் புடுங்கிடறாங்க. அதனால என் வழக்கம் இதுதான், நேருக்கு நேர் கணக்க பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட ஆட்டத்தையும் பாத்து ஒரு காரணம் சொல்லத் தெரியணும், காரணம் சொல்லத் தெரிஞ்சா எண்ண அஞ்சு பத்து நகத்தலாம், தெரியலன்னா நகத்தக் கூடாது.

சர்வீஸ தனியா கவனிங்க, குறிப்பா டபுள் ஃபால்ட், அதாவது ரெண்டு சர்வீஸும் தப்பாப் போட்டு பாயிண்ட விடறது. பெண்கள் ஆட்டத்துல மொத சர்வீஸ் உள்ள விழற சதவீதமும் ரெண்டாவது சர்வீஸ்ல எடுக்கற பாயிண்ட்டும் ஒரு ஆளோட நெலமைய அப்படியே காட்டிக் குடுத்துடும். 2024 யுஎஸ் ஓபன்ல நடப்பு சாம்பியனா வந்த காஃப் நாலாவது ரவுண்டுல எம்மா நவாரோகிட்ட தோத்த மேட்ச்ல 19 டபுள் ஃபால்ட். கிட்டத்தட்ட அஞ்சு கேமுக்குத் தேவையான பாயிண்ட்ட எதிராளிக்கு சும்மா எடுத்துக் குடுத்த மாதிரி. சபலென்கா 2022ல சர்வீஸால அழுதிருக்காங்க, அப்பறம் ஒரு நிபுணர வெச்சு சர்வீஸ் போடற முறையையே திருத்தி 2023 ஆஸ்திரேலியன் ஓபன் ஜெயிச்சாங்க. இத நான் ஏன் சொல்றேன்னா, ஒரு ஆளப் பத்தி நம்ம மனசுல ஒரு படம் ஒட்டிக்கும், அவங்க சர்வீஸ் வீக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாத்தது. ஆளு மாறிடுவாங்க, நம்ம மனசுல இருக்கற படம் மாறாது. கடைசி பத்துப் பன்னெண்டு மேட்ச் எண்ண எடுத்து வெச்சு பாத்துட்டு பேசறது நல்லது.

இப்ப அந்த ஜூன் 7க்கு திரும்பி வரேன். நான் 60 போட்டதுக்குக் காரணம் இருந்துச்சு. சபலென்கா நம்பர் ஒன், காஃப் ரெண்டு. அதுக்கு முன்னாடி மாசம் மாட்ரிட் களிமண் ஃபைனல்ல சபலென்கா 6-3, 7-6ன்னு காஃப ஜெயிச்சிருந்தாங்க. பாரிஸ் செமியில ஸ்வியாடெக்கையே மூணாவது செட்ல 6-0ன்னு தள்ளிட்டு வந்தாங்க. காஃப் பக்கம் பாத்தா 2022ல பாரிஸ் ஃபைனல் ஆடின அனுபவம், நல்ல காலு, அதுவரைக்கும் ரெண்டு பேரும் பத்து தடவ மோதி 5-5. இத்தனையும் சேத்தா 60 நேர்மையான எண்ணுதான், இன்னிக்கு திரும்பி எழுதச் சொன்னாலும் அதுக்குப் பக்கத்துலதான் எழுதுவேன். நான் பாக்காம விட்டது காத்து. அன்னிக்கு பாரிஸ்ல பந்து காத்துல அங்கயும் இங்கயும் போயிட்டு இருந்துச்சு. சபலென்கா அடிக்கறது நெட்டுக்கு மேல கொஞ்சூண்டு எடம் விட்டு தட்டையா, பலமா. காத்து அடிச்சா அந்தக் கொஞ்சூண்டு எடமும் போயிடும். அந்த மேட்ச்ல அவங்க தானா பண்ண தப்பு மட்டும் 70. காஃப் பந்த ஒசத்திப் போட்டு, ஓடி ஓடி எடுத்து, எதிராளிய இன்னொரு ஷாட் அடிக்க வெச்சாங்க, காத்துல அதுதான் சரி.

கணவாய் வாயில குடியிருக்கற எனக்கு இது தோணாம போயிருக்கக் கூடாது. எங்க ஊரு கிரவுண்டுல பசங்க கிரிக்கெட் ஆடறப்போ ஒசரமா தூக்கின கேட்ச் காத்துல பத்தடி தள்ளிப் போய் விழும், அத கணக்கு பண்ணி நிக்கறவன்தான் புடிப்பான். சர்வீஸ்க்கு பந்த மேல தூக்கிப் போடறாங்கல்ல, காத்துக்கு மொதல்ல கெடறது அதுதான். அதனால இப்பெல்லாம் மேட்ச்சுக்கு முன்னாடி அந்த ஊரு வானிலைய ஒரு தடவ பாத்துடறேன். காத்து பலமா இருந்தா தட்டையா அடிக்கறவங்களுக்கு ஒரு அஞ்சு கொறச்சுக்கறேன். மேல கூரை மூடின மேட்ச்சுன்னா அந்தப் பேச்சே இல்ல.

ஒடம்பு விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். தொடையில கட்டு, போன மேட்ச்ல மெடிக்கல் டைம் அவுட், முந்தின நாள் மூணு மணி நேரம், கண்டம் தாண்டி வந்த களைப்பு, இதெல்லாம் உண்மைதான். ஆனா வெளிய இருந்து பாக்கற நமக்கு தெரியறது கால்வாசிதான். ரெண்டு மூணு சதவீதத்துக்கு மேல இதுக்காக நகத்தாதீங்க.

ஒரு கேள்வி எல்லாரும் கேப்பாங்க, இவ்வளவு கணக்கு இருந்தும் ஏன் யாரோ புதுப் பொண்ணு வந்து ஜெயிச்சுட்டுப் போறாங்கன்னு. கணக்குலயே பதில் இருக்கு. கிராண்ட்ஸ்லாம் ஜெயிக்க ஏழு மேட்ச். ஒவ்வொரு மேட்ச்லயும் 90 சதவீதம் வாய்ப்பு இருக்கற ராட்சசி ஆட்டக்காரியா இருந்தாலும் ஏழையும் ஜெயிக்கற வாய்ப்பு 48 சதவீதத்துக்கும் கீழ. 80ன்னா வெறும் 21. அப்ப கப்பு வேற யார் கைக்கோ போறதுதான் இயல்பு. 2021 யுஎஸ் ஓபன்ல எம்மா ராடுகானு, ரேங்க் 150, உள்ள நுழையறதுக்கு ஆடற குவாலிஃபையர் மூணு, மெயின் டிரா ஏழு, பத்து மேட்ச்லயும் ஒரு செட் கூட குடுக்காம ஜெயிச்சாங்க. அது எந்தக் கணக்குலயும் முன்கூட்டி தெரிஞ்சிருக்காது. 2015 யுஎஸ் ஓபன் செமியில செரினா வில்லியம்ஸ் அந்த வருஷத்து மூணு கிராண்ட்ஸ்லாமும் ஜெயிச்சு நாலாவதுக்கு வந்து நின்னாங்க, எதிர்ல ரொபர்ட்டா வின்சி, ரேங்க் 43, மொத செட் 6-2ன்னு செரினா எடுத்தாச்சு, அப்பறம் 6-4, 6-4ன்னு வின்சி. அன்னிக்கு யாராவது செரினாவுக்கு நூறுன்னு எழுதியிருந்தா அதுதான் நெஜமான தப்பு, 95ன்னு எழுதினவங்க தப்பு பண்ணல.

பந்தய கம்பெனிங்க போடற ஆட்ஸ பத்தி, அதாவது ஒரு ரூவா கட்டி ஜெயிச்சா எவ்வளவு திரும்ப வரும்ங்கற எண்ண பத்தி, ஒரு வார்த்த. எங்க தெருவுலயே ஒரு பையன் ஃபோன்ல பந்தயம் கட்டி பைக்க வித்தான், அவங்கம்மா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது, அதனால இத நேராவே சொல்றேன். ஒரு ஆளுக்கு 1.50, எதிராளிக்கு 2.60ன்னு போட்டிருந்தா ஒண்ண அந்த எண்ணால வகுத்தா சதவீதம் வரும்: 66.7, 38.5. கூட்டுங்க, 105க்கு மேல வருது. நூறுக்கு மேல இருக்கற அஞ்சு கம்பெனியோட கூலி, ஒவ்வொரு மேட்ச்லயும் கட்டறவங்க கையில இருந்து போறது. 2025 ஆகஸ்ட்ல காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்தயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு தடை பண்ணிடுச்சு. கணிக்கறதோட ருசிக்கு காசு தேவையே இல்ல, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அந்த நோட்டுல என்ன எழுதறதுன்னு கேட்டீங்கன்னா, தேதி, ரெண்டு பேரு, தரை, என் எண்ணு, காரணம் ஒரு வரி. மேட்ச் முடிஞ்சதும் மார்க். மார்க் போடற முறை 1950ல கிளென் பிரையர்னு வானிலைத் துறைக்காரர் ஒருத்தர் மழை கணிப்புக்காக சொன்னது. நீங்க போட்ட சதவீதம் 0.7ன்னு வெச்சுக்குங்க. அவங்க ஜெயிச்சா ஒண்ணுல இருந்து 0.7 கழிச்சு 0.3, அத அதாலயே பெருக்கி 0.09. தோத்துட்டா 0.7 பெருக்கல் 0.7, 0.49. மார்க் கம்மியா இருந்தா நல்லது. எல்லா மேட்ச்சுக்கும் கண்ண மூடிட்டு 50ன்னு எழுதினா எப்பவும் 0.25 வரும், அதுக்குக் கீழ சராசரி நின்னாத்தான் நமக்கு எதாவது தெரியுதுன்னு அர்த்தம். இந்த முறையில தைரியமா 95 போட்டுத் தோத்தா 0.90, ஒரே அடியில பத்து மேட்ச்சோட நல்ல பேரு போயிடும், அதனால தெரியாத எடத்துல அடக்கி எழுதத் தானா பழகிடுவோம். இன்னொண்ணு, ஐம்பது நூறு மேட்ச் சேந்ததும் 70ன்னு எழுதின பக்கத்த மட்டும் தனியா எண்ணிப் பாருங்க, பத்துக்கு ஏழு ஜெயிச்சிருக்கணும். பத்துக்கு ஒம்போது ஜெயிச்சிருந்தா சந்தோசப் படாதீங்க, நீங்க ரொம்ப பயந்து எழுதறீங்கன்னு அர்த்தம்.

பிரெஞ்சு ஓபன் ஃபைனலுக்கு என் மார்க் 0.36. அக்கா பொண்ணு அன்னிக்கே எனக்குத் தெரியாம ஓரத்துல காஃப் 55ன்னு எழுதி வெச்சிருந்தா, அவளுக்கு 0.20.

ஜூலை 12, விம்பிள்டன் ஃபைனல், ஸ்வியாடெக்கும் அனிசிமோவாவும். அவ இப்ப சொந்தமா ஒரு நோட்டு வாங்கியிருந்தா, ஃபோன்லயே படிச்சு சொன்னா: ஸ்வியாடெக் 70, புல்லு, அனிசிமோவா செமியில சபலென்காவ ஜெயிச்சு வந்திருக்காங்க, அதனால 70க்கு மேல போகல. ஒரு மணி நேரம் கூட ஆகல, 6-0, 6-0. விம்பிள்டன் பெண்கள் ஃபைனல்ல அப்படி ஒரு ஸ்கோர் 1911க்கு அப்பறம் அன்னிக்குத்தான். மறுபடி ஃபோன் வந்துச்சு.

"மாமா, ஒரு கேம் கூட விடலயே, நான் நூறுன்னு எழுதியிருக்கணுமோ?"

"மேட்ச்சுக்கு முன்னாடி ஒனக்கு என்ன தெரியும் அம்மிணி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பக்கம் பொரட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் மெதுவா, "எழுபதுதானுங்க மாமா"ன்னுட்டு 0.09ன்னு எழுதிக்கிட்டா.